திருகிப் பூட்டும் பிளக்

பிளக் வாங்க வருகிறவர்கள் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். எந்த மெஷினுக்கு, எத்தனை ஆம்பியர் என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். திண்டுக்கல்லில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் இந்த டெய்சிக்கு வாய் நீளம் என்று பெயர் வந்ததே இப்படித்தான்.

பக்கத்தில் பானுப்ரியா மருந்துக்கடை தொடங்கியபோதும் அதே கதைதான். இன்சுலின் வைக்கும் ஃப்ரிட்ஜுக்குச் சுவரோடு பொருந்துகிற வெள்ளை சாக்கெட் போதும் என்றாள்.

"போதாது. எவனாவது செல்போன் சார்ஜ் போட ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவான். சூடுபட்ட இன்சுலினைப் பார்த்தா ஒன்னும் தெரியாது. ஊசி போட்டுக்கிற மனுசனுக்குத்தேன் தெரியும்" என்றேன். என் வீட்டுக்காரர் பிரான்சிஸும் ஊசி போட்டுக்கொள்கிறவர். இனி அவருக்கு மருந்து இவள் கடையில்தான்.

மில்லுகளில் போடும் நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக்கையும் சாக்கெட்டையும் எடுத்து வைத்தேன். வளையத்தைத் திருகிப் பூட்டிவிட்டால் இழுத்த இழுப்புக்கு வராது. செல்போன் சார்ஜரும் அதில் நுழையாது.

"இம்புட்டுப் பெருசாக்கா? கடை மில்லு மாதிரி ஆயிரும்" என்று சிணுங்கிக்கொண்டே வாங்கிப் போனாள். எனக்கு அதில் ஒரு கர்வம். கடைக்கு வருகிறவர்களை அங்கே கூட்டிப்போய்க் காட்டுகிற அளவுக்குக் கர்வம்.

ஆயுத பூசை வந்தது. மதியம் மருந்துக்கடையில் பூசையை முடித்து ஷட்டரை இறக்கிவிட்டுப் போனவர்கள், சாயங்காலம் திறந்து என்னைப் பொரி கடலைக்குக் கூப்பிட்டார்கள். கல்லா, கம்ப்யூட்டர், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஃப்ரிட்ஜில் மட்டும் சத்தமே இல்லை. கீழே பார்த்தேன். என் நீல பிளக் கழன்று, அதற்கும் ஒரு பொட்டோடு தரையில் கிடந்தது.

"யாருடி இதைக் கழட்டுனது?"

"நாந்தேன்க்கா" என்றான் அவள் புருசன் மணிமாறன். வேடசந்தூர் மில்லில் ஃபிட்டர். "பூசைக்கு வச்ச மெஷினை அன்னைக்கு ஓட்டப்படாதுல்ல. மில்லுல எல்லாத்தையும் நிப்பாட்டி, இதே பிளக்கைத்தேன் கழட்டுவோம். லேசா ஒரு திருகு."

ஊருக்கெல்லாம் பயந்து பூட்டு போட்டேன். சாவி தெரிந்தவன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

பானுப்ரியா பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "அம்புட்டு மருந்தும் போச்சாக்கா? இதை நம்பி வாரவுகளுக்கு நான் என்னத்தைக் குடுப்பேன்?" நாளைக்குப் பிரான்சிஸுக்கு வாங்க வேண்டியதும் அதற்குள்தான் இருந்தது.

உள்ளே எத்தனை டிகிரி என்று காட்ட வெளிக்கதவில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்தோம். எட்டு டிகிரியைத் தாண்டியிருந்தால் எல்லாம் குப்பைக்கு. ஏழு காட்டியது.

"மத்தியானத்துலேருந்து கதவைத் திறந்தீகளா?"

"அதெப்படிக்கா? பூசைக்கு வச்சதைத் தொடப்படாதே."

கெடுக்கப் பார்த்த சம்பிரதாயமே காப்பாற்றியும் விட்டது. ஆனாலும் என் கோபம் அடங்கவில்லை.

"மெஷினுக்கெல்லாம் லீவு விட்டீகளே தம்பி, உங்க நெஞ்சுக்கு விட்டீகளா? அது பாட்டுக்கு அடிச்சுக்கிட்டுத்தான இருந்துச்சு?"

மணிமாறன் உட்கார்ந்து பிளக்கை வேட்டியில் துடைத்தான். மாட்டி, வளையத்தை இறுகத் திருகினான். ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி இரையத் தொடங்கியது.

அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் பொரியை அள்ளி வாயில் போட்டேன்.