இடுப்பில் கட்டிய துணி

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் துணி காணாமல் போக ஆரம்பித்ததும், வேலை முடிந்து போகும் பெண்களைக் கேட்டில் தடவிப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். வரிசையில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். காஜாக்கா மட்டும் முந்தானையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள்.

பொத்தான் துளை தைப்பவள் என்பதால் அவள் காஜாக்கா. கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு அடி இறங்கியிருந்தது. துணிக்கட்டைத் தூக்கினாலும் பலமாகத் தும்மினாலும் கர்ப்பப்பை சரிந்து, உருண்டையாகக் கீழே தலைகாட்டும். பாத்ரூமுக்கு ஓடி, விரலால் உள்ளே தள்ளி, மடித்த துணியை வைத்து இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து மெஷினில் உட்காருவாள். புருஷனிடம்கூட மூச்சு விட்டதில்லை.

செக்யூரிட்டியம்மாவின் கை அந்த முடிச்சில் நின்றது.

"என்னக்கா இது?"

"துணி."

"நான்தான் சொன்னேனே!" என்று பாய்ந்தாள் சூப்பர்வைசர். "சும்மா சும்மா பாத்ரூமுக்கு ஓடுவா. நடையே சரியில்ல."

மேனேஜர் வந்துவிட்டார். "நீயே சொல்றியா, போலீஸைக் கூப்பிடட்டுமா?"

அத்தனை பேர் நடுவில், அந்த ஆம்பளை முகத்தைப் பார்த்து, எதை என்று சொல்வாள்?

"ஆமாங்க. எடுத்துட்டேன்" என்றாள்.

திருடி என்ற பெயரோடு வாழ்ந்துவிடலாம், இந்தச் சீக்கோடு வாழ முடியாது என்று எந்தப் பாவி இவளுக்குச் சொல்லி வைத்தானோ!

செக்யூரிட்டியம்மா அவளைப் பக்கத்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டாள். "கழட்டுக்கா." அவிழ்ந்து வந்தது துவைத்துத் துவைத்து நைந்துபோன பூப்போட்ட துணி.

"இது பெட்ஷீட்டுக் கிழிசல். நம்ம கம்பெனியில தைக்கிறது வெள்ளைத் துணி."

"எடுத்தேன்னே வெச்சுக்கோங்க. வெளிய விடுங்க."

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? வேலை போயிடும்டி!"

காஜாக்கா உடைந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் எல்லாம் வந்துவிட்டது. வெளியே போன செக்யூரிட்டியம்மா, "திருட்டு இல்ல சார், பொம்பளைங்க சமாச்சாரம்" என்றாள் தணிந்த குரலில். மேனேஜர் காலில் வெந்நீர் கொட்டியதுபோல ஓடிப்போனார். ஆனால் வரிசை முழுக்கக் கேட்டது 'எடுத்துட்டேன்' என்பதைத்தான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு லேடி டாக்டரிடம் போனாள். புற்றுநோய் என்று சொல்லப்போகிறார் என்ற பயத்தில் கட்டிலில் விறைத்துக் கிடந்தாள்.

"புற்றுநோய் எல்லாம் இல்லம்மா. கீழ தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்துபோச்சு. நிறையப் பேருக்கு வர்றதுதான், உங்க தப்பு இல்ல." டாக்டர் மெத்தென்ற ஒரு வளையத்தை உள்ளே பொருத்தினார். "எழுந்து நடங்க. நல்லா இருமுங்க."

"விழுந்துட்டா?"

"வேற அளவு பாப்போம். எதுவுமே நிக்கலைன்னா ஆபரேஷன் இருக்கு."

ஆபரேஷன் என்றால் யார் சோறு போடுவது? தொடையை ஒட்டி வைத்துக்கொண்டு பூனைபோல இருமினாள்.

"இது இருமலா? பயப்படாம இருமுங்க."

அடிவயிற்றிலிருந்து இருமினாள். குனிந்தாள், உட்கார்ந்து எழுந்தாள். எதுவும் இறங்கவில்லை. மூத்திரத்தை அடக்குவதுபோலத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்யவும், கனம் தூக்காமல் இருக்கவும், வளையத்தைச் சுத்தம் செய்ய மறக்காமல் வரவும் சொன்னார் டாக்டர். காஜாக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் சாயங்காலம் கேட்டில் அவளுக்கு முன்னும் பின்னும் ஆள் விலகி நின்றது. ஒருத்தி தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். செக்யூரிட்டியம்மா பட்டும் படாமலும் தொட்டு, "போக்கா" என்றாள்.

காஜாக்கா நகரவில்லை.

"நல்லாப் பாருங்க. துணி இல்ல. எனக்கு அடி இறங்கிடுச்சு, அதுக்குத்தான் கட்டியிருந்தேன். இப்ப டாக்டர் வளையம் வெச்சிருக்காங்க. நான் எதையும் திருடல."

எவளோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

தெருமுனை வரை போயிருப்பாள். பின்னால் மூச்சிரைப்பு கேட்டது. சூப்பர்வைசர்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு கேள்வி கேட்கத்தான் காஜாக்கா திரும்பினாள். அவளோ சுவரில் கையை ஊன்றிக் காலை ஒடுக்கிக்கொண்டு நின்றாள்.

"அந்த டாக்டர்... எந்தத் தெருவுல இருக்காங்க?"

காஜாக்கா போய் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். மெதுவா நடங்க."