ஸ்டூலை விட்டு எழாத தையல்காரி

"பட்டன் தைக்க ஆளில்லாம நூத்தி இருபது சட்டை கெடக்கு. நீ இங்க பூவை மோந்துக்கிட்டு நிக்கிறியா?"

"மோந்துக்கலம்மா, ஆராய்ச்சி!"

"பொல்லாத ஆராய்ச்சி! எடுடி பையை."

காலை எட்டு மணிக்கு, வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் இந்தக் கூத்து. கோடை விடுமுறையில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்கு வாரப் பயிற்சி. இரண்டு வாரம் முடிவதற்குள் தையல்காரம்மா மகளை இழுத்துப்போக வந்துவிட்டாள். பள்ளிச் சீருடை தைக்கும் பருவத்தில் அவள் கண்ணுக்குத் துணியும் காஜாவும்தான் தெரியும், கட்டின கணவன்கூடத் தெரியாது. இது தெருவே அறிந்த விஷயம்.

மகள் குரலைத் தணித்தாள். "வர்றேன். ஒரே ஒரு தடவை இதைப் பார்த்துடு. அப்புறம் நானே பையை எடுக்கிறேன்."

விடியலில் மலர்ந்த ஆண் பூசணிப் பூவின் மகரந்தத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் உதறி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். தையல்காரம்மா சலித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்தாள்.

"ஐயையோ, கறுப்பா ஏதோ அடிச்சுக்குது. பூச்சிடி!"

"அது உன் கண்ணிமைம்மா."

பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கிறவள்போல் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டாள். முள் முளைத்த மஞ்சள் பந்துகள் மிதந்தன. சற்று நேரத்தில் ஒரு பந்திலிருந்து மெல்லிய இழை எட்டிப் பார்த்தது, நீண்டது, இன்னும் நீண்டது.

"ஏய், இதை யாரு இழுக்கிறா?"

"யாரும் இழுக்கலை. அதுவா வளருது. பெண் பூவுக்குள்ள இருந்தா சூலைத் தேடிப் போய்ச் சேரும். அப்பதான் விதையாகும்."

"ஒரு காய்க்கு ஒண்ணா?"

"ஒரு விதைக்கு ஒண்ணு. ஒரு காய்ல முந்நூறு விதை இருக்கும்."

தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து பூசணியை வெட்டி, விதைகளை ஒரேயடியாக வழித்துக் குப்பையில் போட்ட கை அது. இருட்டில், கண்ணில்லாமல், முந்நூறு இழைகள் முந்நூறு இடங்களுக்குத் தப்பாமல் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ஆன்ட்டி, எங்களுக்கும் விடுங்க."

"இருங்கடா, இன்னொண்ணு கிளம்புது!"

முக்கால் மணி நேரம் அவள் எழவில்லை. மகள் சொன்ன சொல் தவறாமல் பையோடு வந்து நின்றாள்.

"போலாமாம்மா?"

"எங்க போறது? இன்னும் ரெண்டு வாரம் மிச்சமிருக்கில்ல? பட்டனை உங்கப்பா தைக்கட்டும்."

அப்பா தைத்தார். அந்த வருடம் பாதிப் பள்ளிக்கூடம் கோணல் பட்டனோடு நடமாடியது. மகள் பிறகு விதை ஆராய்ச்சி படிக்க வெகுதூரம் போனாள். அங்கேயே ஒரு லாரி மெக்கானிக்கைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். தெருவுக்கு ஒரு மாதம் வாய் ஓயவில்லை. போன வருடம் தையல்காரம்மாவும் புருஷனைக் கூட்டிக்கொண்டு மகளோடு குடிபோய்விட்டாள். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள்.