கறுப்பு உலோகத்தின் வயது

ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் ஜமீர் அகமதுவைத் தெரியாதவர் கிடையாது. அவர் மகள் தஸ்லிம் சமஸ்கிருதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்றதும், ஏலம் கேட்க வந்தவர்கள்கூட விலையை மறந்துவிட்டு ஏன் என்று கேட்டார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் "அவளுக்கு வருது, படிக்கிறா" என்று நிறுத்திக்கொண்டார். உண்மையும் அவ்வளவுதான்.

அவள் எடுத்துக்கொண்டது வேதங்களின் வயது. ஓசூர் டீக்கடையில் கேட்டால் ஒருவர் பத்தாயிரம் வருஷம் என்பார், பக்கத்து பெஞ்சுக்காரர் எல்லாம் நேற்று எழுதியது என்பார். இருவருக்கும் ஆதாரம் தேவைப்படாது. தஸ்லிமுக்குத் தேவைப்பட்டது. ரிக் வேதத்தில் உலோகம் என்றால் பொதுவாக ஒரே பெயர்தான். அதர்வ வேதத்துக்கு வரும்போது கறுப்பு உலோகம், சிவப்பு உலோகம் என்று பிரிகிறது. கறுப்பு என்றால் இரும்பு. எனவே இரும்பு புழக்கத்துக்கு வந்த பிறகுதான் அந்த வரிகள் பிறந்திருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் போட்ட கணக்கு. அந்த வரிகளின் மொழி அதைவிடப் பழையது என்பது தஸ்லிமின் வாதம். இரும்பும் நாம் நினைப்பதைவிடப் பழையது என்று எங்காவது நிரூபணமானால் அவள் வாதம் நிற்கும். பட்டம் கிடைக்கும். பட்டம் கிடைத்தால், வருஷக்கணக்காகத் தற்காலிக விரிவுரையாளராகக் காலம் தள்ளும் கல்லூரியிலேயே நிரந்தர வேலை. வாய்மொழித் தேர்வு முடிந்த அடுத்த மாதமே நேர்காணல் வைத்திருந்தார்கள்.

நிரூபணம் கெலமங்கலத்துக்குப் பக்கத்தில், சென்னம்மாளின் நிலத்தில் கிடைத்தது. ராகிக் கொல்லை ஓரத்தில் உழும்போதெல்லாம் இரும்பு உருக்கிய கழிவு கட்டி கட்டியாக வந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத் தொல்லியல் துறை அனுமதி வாங்கிச் சின்னதாக ஒரு குழி போட்டது. அடியில் பழைய உலை ஒன்றின் வட்டச் சுவர் தெரிந்தது. உலைக்கு வயது சொல்ல வேண்டுமென்றால் அதில் எரிந்த கரி வேண்டும். கரிதான் இல்லை. அகழாய்வுப் பயிற்சியும் எடுத்திருந்ததால் தோண்டும் பொறுப்பில் இருந்த தஸ்லிம் நாளுக்கு நாள் வாடிப்போனாள். சென்னம்மாள் மாட்டைத் தெலுங்கில் திட்டுவார், காய்கறி வியாபாரியிடம் கன்னடத்தில் பேரம் பேசுவார், தஸ்லிமுக்கு மட்டும் தமிழில் சோறு போடுவார். ராகிக் களியும் கீரைக் குழம்புமாகத் தினமும் சாப்பாடு வந்தது. கடைசி வாரத்தில் ஒரு காலை குழியை மூடிய தார்ப்பாயை விலக்கினால் உலையின் அடியில் கைப்பிடிக் கரி. ஆய்வுக்கூடம் சொன்ன தேதி அவள் ஆசைப்பட்டதைவிடப் பல நூறு வருஷம் பழையதாக இருந்தது. அன்று மண்டியில் ஜமீர் அகமது எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வுக்கு முதல் நாள் அவள் சென்னம்மாளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இனிப்போடு போனாள். மேட்டு நிலத்தில் ஏதோ கம்பெனி வேலி போட்டிருந்தது. பேச்சுவாக்கில், கரி கிடைத்திருக்காவிட்டால் நான் இன்றைக்கு எங்கே இருந்திருப்பேனோ என்றாள் தஸ்லிம்.

சென்னம்மாள் சிரித்தார். "எங்க கண்ணு கெடைச்சது? நாந்தானே போட்டேன்."

தஸ்லிமுக்கு முதலில் புரியவில்லை.

"நீ தெனமும் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னியா, எனக்கு மனசே கேக்கல. நம்ம நெலத்துக்கு வந்த புள்ள வெறுங்கையோட போறதான்னு இருந்துச்சி. மேட்டுல கம்பெனிக்காரன் ஜேசிபி விட்டப்ப, அந்தக் காலத்துல செத்தவங்கள வச்சிப் பொதைச்ச பானைங்க ஒடஞ்சி கெடந்துச்சில்ல, அதுக்குள்ள இருந்த கரி. அடுப்புக்கரி போட்டா நீ கண்டுபுடிச்சிருவ. அதான் பழசாப் பாத்து எடுத்தாந்து, உள்ள வச்சி, ஈரமண்ணு போட்டு அமுக்கி உட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. தஸ்லிமுக்கு வந்தது கோபம். இனிப்பு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "சரிக்கா" என்று மட்டும் சொல்லிக் கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த கோபம் வந்தது, தன் மேலேயே. ஈரமண்ணுக்கும் பழைய மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? ஆசை கண்ணை மறைத்திருந்தது.

இன்னொன்றும் அவளை உறுத்தியது. வேதத்தில் பழைய பாடல்களுக்கு நடுவே பிற்காலத்தார் செருகிய பாடல்களை மொழிநடையை வைத்தே அவள் அடையாளம் கண்டிருந்தாள். யாரோ போலியாகச் செய்த வேலை என்றே நினைத்து வந்தாள். செருகியவர்களுக்கும் முகம் இருந்திருக்கும், அவர்களும் யாருக்காகவோ மனசு கேட்காமல் செய்திருப்பார்கள் என்று அதுவரை தோன்றியதே இல்லை.

வழிகாட்டியான பேராசிரியர் குருமூர்த்திக்குப் போன் போட்டாள். அவர் நல்ல மனிதர், ஓய்வு பெற இருந்தவர். முழுதும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"கரி பழசுதானே?"

"கரி பழசு சார். அந்த உலையோடது இல்ல."

"நாளைக்கு முடியட்டும்மா. அப்புறம் நாமே ஒரு கட்டுரை எழுதித் திருத்திக்கலாம். இதை யாரும் கேக்கப்போறதில்ல."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோல்தான் தோன்றியது. ஊருக்குப் போய்ச் சேரும் வரைக்கும் தோன்றியது. வீட்டில் அப்பா நாளைக்குத் தான் போடப் புதுச் சட்டை தேய்த்து மாட்டி வைத்திருந்தார்.

மறுநாள் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தத் தேதியைத்தான் முதலில் பாராட்டினார். இந்த ஆய்வேட்டுக்கு முதுகெலும்பே அதுதான் என்றார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. குருமூர்த்தி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் புதுச் சட்டையோடு ஜமீர் அகமது.

தஸ்லிம் எழுந்தாள். "அந்தக் கரி உலையில் எரிந்தது கிடையாது. தோண்டும்போது வெளியிலிருந்து உள்ளே போயிருக்கிறது. கவனிக்க வேண்டியவள் நான். கவனிக்கவில்லை" என்றாள். யார் போட்டது என்று கேட்டதற்கு, குழிக்கு நான்தான் பொறுப்பு என்பதோடு நிறுத்திக்கொண்டாள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மொழி பற்றிய இயல்கள் நிற்கும், இரும்பு பற்றிய இயலை நீக்கிவிட்டுத் திருப்பி எழுதித் தர வேண்டும் என்று முடிவானது. குறைந்தது ஒரு வருஷம் ஆகும். நேர்காணலுக்கு அவள் போக முடியாது. வெளியே வந்ததும் அப்பா பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவள் பையை அவரே தூக்கிக்கொண்டு நடந்தார்.

சாயங்காலம் சென்னம்மாள் போன் செய்தார்.

"என்ன கண்ணு, டாக்டர் ஆயிட்டியா?"

"இல்லக்கா. ஒரு பாகத்தத் திருப்பி எழுதச் சொல்லிட்டாங்க. ஒரு வருஷம் ஆவும்."

சொல்ல வேண்டியதையெல்லாம் தஸ்லிம் நேற்றே மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். இதோ சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது சென்னம்மாள் முந்திக்கொண்டார்.

"ஏன் கண்ணு, கரி பத்தலயா?"

"பத்துச்சுக்கா."

"நெசமா சொல்லு. நாந்தான் கம்மியாப் போட்டுட்டேனா?"