கனமான பாதி வரும்வரை

பேருந்து நிலைய அறிவிப்பாளரின் குரலில் கனமான பாதி, மெல்லிய பாதிக்குப் பின்னால் வரத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. வெங்காய விலை இறங்கியதும் அதே வாரம்தான். காலையில் அவர் மைக்கைத் தட்டிவிட்டு, மூன்றாவது நடைமேடையில் வண்டி புறப்படத் தயாராக இருக்கிறது என்று சொன்னபோது, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ பேசுவது போல மேல்சத்தம் மட்டும் வெளியே வந்தது. அந்த வண்டி கிளம்பிப்போய், பின்னால் நின்ற வண்டி முன்னால் நகர்ந்த பிறகு, அதே அறிவிப்பின் அடிச்சத்தம் அவர் பேசிய அறையிலேயே எழுந்து, வார்த்தை இல்லாத வெறும் உறுமலாக ஒலிபெருக்கிகள் வழியே நிலையம் முழுக்கப் பரவியது. பயணிகள் சிலர் வானத்தைப் பார்த்துவிட்டுக் குடையை விரித்தார்கள். சிலர் போய்விட்ட வண்டியைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

இடைவெளி நாளுக்கு நாள் வளர்ந்து, குழாயில் ஒரு வாளி நிரம்பும் நேரத்தை எட்டியதும், போதும் என்று நினைத்ததோ என்னவோ, அங்கேயே நின்றுவிட்டது. வீட்டிலும் இதே கதைதான். சோப்பு தீர்ந்துவிட்டது என்று குளியலறையில் அவர் சொன்னதன் அடிப்பாதி, அவருடைய அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகு வந்து சேர்ந்தது. அக்கா ஈரத்தலையோடு வெளியே ஓடிவந்து, "சின்ன வயசுலேருந்தே இவன் குரல் ரொம்ப கனம். தூக்கிட்டு வர்றவனுக்குக் கை வலிக்காதா?" என்று தம்பி மனைவியிடம் கேட்டாள். டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார். புண் இல்லை என்றார். சிவப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டதில் அறிவிப்பாளருக்குப் பசி மட்டும் நன்றாக எடுத்தது.

ஊரில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தாமதமாக வந்ததில்லை. தன் கல்யாணத்துக்கே மண்டபம் திறக்கும் முன் போய்க் கதவைத் தட்டியவர். அப்படிப்பட்டவரின் குரலில் பாதி பின்தங்கியது நிலையக் கண்காணிப்பாளருக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் பதிவுசெய்த குரலில் பேசும் மிஷின் ஒன்று அட்டைப் பெட்டி பிரிக்காமல் கண்காணிப்பாளரின் மேசைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் குரல் சரியாகாவிட்டால் பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று, பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

இத்தனைக்கும் அறிவிப்பாளரின் மனைவிக்குத் தொழிலே இதுதான். மண்டபங்களுக்கும் அரங்கங்களுக்கும் ஒலிபெருக்கி கட்டி டியூன் செய்து கொடுப்பவள் அவள். பெரிய ஸ்பீக்கர் அடிச்சத்தத்தைத் தரும், மேலே உள்ள ஹார்ன் மேல்சத்தத்தைத் தரும். இரண்டுக்கும் எது எது போக வேண்டும் என்று கிராஸ்ஓவர் பெட்டி பிரித்து அனுப்பும். பிரித்து அனுப்பியவை காதுக்கு ஒன்றாக வந்து சேர்ந்தால்தான் அது குரல், இல்லாவிட்டால் இரைச்சல். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டில் ஒன்றின் ஒயர் இணைப்பைத் தலைகீழாக்கிவிட்டு, பெட்டியில் தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டும் சரியாகச் சேரும் இடத்தில் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு, சத்தத்தின் நடுப்பகுதி குழியில் விழுந்தது போல அடங்கிவிடும். அப்புறம் இணைப்பை நேராக்கினால் குரல் முழுதாக எழுந்து நிற்கும். இணைப்பை நேராக்க மறந்துவிட்டுச் சாப்பிடப் போய் மானம் போனவர்கள் அந்தத் தொழிலில் நிறையப் பேர்.

வியாழக்கிழமை மாலை அவள் கூடத்தில் மைக்கை வைத்து, பெட்டியையும் கணினியையும் இணைத்து, புருஷனை எதிரே உட்கார வைத்தாள்.

"பின்னாடி வர்றதை எப்படியாவது முன்னாடி இழுத்துட்டு வா" என்றது அவருடைய மெல்லிய பாதி.

"இழுக்கறதுக்கு எந்தப் பெட்டியிலும் பட்டன் கிடையாதுங்க. சீக்கிரம் வந்ததைப் பிடிச்சு நிறுத்தத்தான் முடியும். லேட்டா வர்றது வர்றப்பதான் வரும்."

"அப்போ நான் மொத்தமா லேட்டாகணுமா?"

"ஆமா."

கடிகாரத்தின் முகம் சிவந்துவிட்டது. எழுந்து செருப்பை மாட்டினார். மைக் திறந்தே இருந்தது.

"நீ இல்லாட்டியும் எனக்கு ஒண்ணும் ஆயிடாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

முழுக்குரலில் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கொசு மாதிரி காதோரம் வந்த அந்த மெல்லிய பாதியில் சூடே இல்லை. வேண்டாத சாமானை எடுத்து வெளியே வைக்கும் குரலாக இருந்தது. அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. பீரோவுக்கு மேலிருந்த பையை இறக்கி, நாலு துணியை அள்ளிப்போட்டாள். அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது, அவ்வளவுதான். பையின் ஜிப் பாதி தூரம் போனபோது, காலியான கூடத்தில் கனமான பாதி வந்து சேர்ந்தது.

எந்த அதிர்வு எதனால் வருகிறது என்று அவளுக்குத் தெரியும். லூசான திருகு ஒரு விதமாக நடுங்கும், ஸ்பீக்கரின் கிழிந்த காகிதக் கோன் ஒரு விதமாக. இது இரண்டும் இல்லை. வார்த்தை எதுவும் இல்லாத அந்தச் சத்தத்தில் கோபமும் இல்லை. அந்த மனுஷன் பயந்துபோயிருந்தார். வேலை போய்விடும் என்றும், அது போனால் இவளும் போய்விடுவாள் என்றும், கால் முதல் கழுத்து வரை பயந்துபோயிருந்தார். கூடத்துத் தரை அடங்கும்வரை அவள் பையைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு ஜிப்பைத் திறந்து துணிகளைத் திரும்ப பீரோவில் அடுக்கினாள்.

கணினியில் அந்த வாக்கியத்தின் இரண்டு பாதியும் பதிவாகியிருந்தன. அதை வைத்தே டியூன் செய்தாள். இணைப்பைத் தலைகீழாக்கி, மெல்லிய பாதியைப் பெட்டிக்குள் பிடித்து நிறுத்தி நிறுத்தித் தாமதத்தைக் கூட்டினாள். ஒரு இடத்தில் 'ஒண்ணும் ஆயிடாது' குழியில் விழுந்தது. அவள் அழுதாள். அழுத வேகத்தில் பெட்டியை மூடிக் கருவிப் பையில் வைத்துவிட்டாள்.

மறுநாள் நிலையத்தில் பெட்டியைப் பொருத்தி, நீங்கள் பேசுங்கள் என்று ஜாடை காட்டினாள். அவர் பேசினார். எல்லோரும் காத்திருந்தார்கள். வாளி நிரம்பும் நேரம் கழிந்து, மேலே கொஞ்சம் காற்றும் கீழே கொஞ்சம் உறுமலும் வந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை. கண்காணிப்பாளர் பெருமூச்சு விட்டு, அட்டைப் பெட்டியின் டேப்பைக் கிழித்தார்.

"ஐயோ, நேராக்கலையே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள்.

இணைப்பை நேராக்கிவிட்டு, இன்னொரு தடவை பேசச் சொன்னாள். மறுபடி எல்லோரும் காத்திருந்தார்கள். வந்தது. மெல்லியதும் கனமானதும் கைகோத்துக்கொண்டு, மூன்றாவது நடைமேடையில் வண்டி புறப்படத் தயாராக இருக்கிறது என்றது. ஆனால் வண்டி அதற்குள் வெளிவாசலைத் தாண்டியிருந்தது. அதன் டிரைவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார், ரிவர்ஸ் எடுத்தார், மூன்றாவது நடைமேடையில் திரும்ப வந்து நின்றார்.

அதற்கப்புறம் டிரைவர்கள் குரல் வரும்வரை கிளம்புவதில்லை. டீக்கடையில் அதற்கேற்ப அடுப்பை மெதுவாக எரித்தார்கள். பள்ளிக்கூட மணியும் தள்ளிப்போனது, அதைப் பார்த்து வங்கியும். எல்லாம் சேர்ந்து தாமதமானதால் யாருக்கும் எதுவும் தாமதமாகத் தெரியவில்லை. அந்த மிஷினைக் கண்காணிப்பாளர் ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்தார். வருஷங்கள் போயின, வெங்காயம் ஏறி இறங்கியது.

வீட்டுக்கு மட்டும் பெட்டி வாங்கவில்லை. அவர் எதைச் சொன்னாலும் மெல்லிய பாதியைக் கேட்டுக்கொண்டு அவள் பேசாமல் இருப்பாள். துணி மடிப்பாள், ஒயரைச் சுற்றுவாள். அடிப்பாதி வந்த பிறகுதான் பதில். சண்டைகள் குறைந்துவிட்டன என்று சொல்ல முடியாது, ஆனால் பை பீரோவுக்கு மேலேயே இருந்தது.

முதல் சில மாதங்கள் காலையில் அவர் போய்விட்டு வருகிறேன் என்று சொன்ன கையோடு நடந்துவிடுவார். கனமான பாதி வரும்போது வாசலில் அவள் மட்டும் நிற்பாள்; யாருமில்லாத தெருவைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். ஒருநாள் குடையை மறந்து திரும்பி வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து, சொல்லி முடித்ததும் படியிலேயே நின்றுகொண்டார். எதிர்வீட்டில் குழாயைத் திறந்து வாளியை வைப்பார்கள். தண்ணீர் ஏறும் சத்தத்தைக் கேட்டபடி இரண்டு பேரும் சும்மா நிற்பார்கள். வாளி நிரம்பும்போது, அவர்களுக்கு நடுவில், முழங்கால் உயரத்தில், அது வந்து சேரும்.

"சரிங்க, பாத்துப் போங்க" என்பாள்.

கடிகாரம் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார்.