கிராக்கஸ் அண்ணனும் மட்டன் பிரியாணியும்

துபாய், அல் குசைஸ் லேபர் கேம்ப்பில் கக்கூஸ் தொட்டி நிரம்பி, மஞ்சள் தண்ணீர் நடைபாதையில் ஏறி, அறை வாசல்வரை நாறிக் கிடந்தது. செங்கல் போட்டு அதன்மேல் தாவித் தாவித்தான் நாகலிங்கம் பல் விளக்கப் போவான். மாடுகூட இதில் படுக்காது என்று காறித் துப்புவான். திரும்பி வரும்போது துப்பிய இடத்தையும் தாவுவான்.

அந்த அறையில் வாயுள்ள ஆள் ஜெயசீலன். சிவகங்கைக்காரர். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு இங்கே கம்பி கட்டுகிறார். சோறு வேகும் நேரத்தில் ரோமாபுரிக் கதை சொல்வார். கிராக்கஸ் என்று ஒருவன், ஏழை சனத்துக்கு நிலம் கொடு, மலிவாகத் தானியம் கொடு என்று நின்றான். பணக்காரர்கள் இன்னொருவனைக் கிளப்பிவிட்டு, அவனைவிட அதிகமாகத் தருவதாகச் சொல்ல வைத்தார்கள். சனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. கிராக்கஸ் செத்தான். மற்றவன் தருவதாகச் சொன்ன எதுவும் வந்து சேரவில்லை.

"கூறுகெட்ட பயலுக," என்று நாகலிங்கம்தான் பலமாகச் சிரித்தான். அன்றிலிருந்து ஜெயசீலனுக்கு கிராக்கஸ் அண்ணன் என்றே பெயர்.

தொட்டியை அள்ளும்வரை காலையில் யாரும் கம்பெனி பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவானது. முடிவு செய்தது எல்லோரும். ஆபீசுக்குச் சொல்லப் போனது ஜெயசீலன் மட்டும்.

மறுநாள் பஸ் வந்து நின்றது. ஒருவரும் ஏறவில்லை. பின்னாலேயே வேனில் போர்மேன் மணிகண்டன் வந்து இறங்கினான்.

"தொட்டி மட்டும் போதுமாய்யா? இவருக்குக் கேக்கத் தெரியல. நான் பேசிட்டேன். ரூமுக்குப் புது ஏசி. வெள்ளிக்கெழமதோறும் மட்டன் பிரியாணி. இன்னிக்கே ஒரு அண்டா வருது. யல்லா, ஏறுங்க."

"எழுதிக் குடுக்கச் சொல்லுங்கப்பா," என்றார் ஜெயசீலன்.

"காயிதத்தையா திங்கிறது, கிராக்கஸ் அண்ணே?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிரிப்பு கிளம்பியது. சிரித்துக்கொண்டே வரிசை நகர்ந்தது.

ஜெயசீலன் நாகலிங்கத்தின் கையைப் பிடித்தார். "நீயாவது நில்லுடா. ஒத்தையா நின்னா, தூண்டிவிட்டவன்னு என்னைய ஊருக்கு அனுப்பிருவான்."

"வீட்டுல கஷ்டம்ணே." கையை உருவிக்கொண்டு ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

சாயங்காலம் அண்டா வந்திருந்தது. அந்த நாற்றத்துக்கு நடுவே குந்தி எல்லோரும் அள்ளி அடைத்தார்கள். நாகலிங்கம் இரண்டாம் தரமும் வாங்கினான். உதட்டில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டவில்லை.

உள்ளே ஜெயசீலன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். விசா கேன்சல். ஏர்போர்ட் வண்டி வாசலில் ஹாரன் அடித்தது.

"தொட்டிய எப்பண்ணே அள்ளுவாங்களாம்?" எலும்பைச் சப்பியபடி ஒருவன் அவரிடமே கேட்டான்.

"மணிகண்டன்கிட்ட கேளு," என்று பெட்டியைத் தூக்கினார்.

அவர் வாசலைத் தாண்டியதுதான் தாமதம், அறையில் அடிதடி. ஈரடுக்குக் கட்டிலில் அவருடையது கீழ்க்கட்டில். மேலே ஏறிப் படுப்பவன் ஒவ்வொருவனுக்கும் அதன்மேல் கண். நாகலிங்கம் எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, இரண்டு பேரை முட்டித் தள்ளிவிட்டு, தன் போர்வையை அதில் விரித்துப் படுத்தான். தலைமாட்டில் அவர் தேய்க்கும் எண்ணெயின் வாடை. குமட்டியது. எழுந்தால் இடம் போய்விடும் என்று, வாந்தியை விழுங்கிக்கொண்டு கிடந்தான்.