மஞ்சள் பனியனும் மார்கழிப் பொங்கலும்

ஸ்ம்ருதி ஓடப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் விடுதியில் ஒரு மாடி முழுக்கச் சிரித்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது.

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், சுற்றிலும் வயலாகக் கிடக்கும் கல்லூரி அது. அங்கே அவள் படிப்பது ஊட்டச்சத்து இயல். எந்தக் கீரையில் எவ்வளவு இரும்புச் சத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் மாயவரத்திலிருந்து வந்து விடுதியில் சேர்ந்த நாள் முதல் அவள் ஆசையாகச் சாப்பிட்ட ஒரே பச்சை, பரோட்டாக் கடை சால்னாவில் மிதக்கும் கொத்தமல்லிதான். மூன்றாம் மாடி வகுப்புக்கு ஏறினால், பாதிப் பாடம் முடிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு திரும்பும்.

அப்படிப்பட்டவள் ஓட ஒப்புக்கொண்டது அனீஸாவுக்காக.

அனீஸா முத்துப்பேட்டைப் பெண். அதே துறை, அதே அறை. காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு. ஓட விட்டால் காற்றையே முந்துகிற கால். திருச்சியில் நடக்கும் கல்லூரிகளுக்கிடையிலான ஓட்டத்துக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. ஆனால் உடற்கல்வி ஆசிரியை ரெத்தினம் ஒரு கட்டளை போட்டிருந்தார். துறைக்கு ஒரு ஜோடி. பொங்கல் விடுமுறைக்கு முன் நடக்கும் தேர்வில் இருவரும் ஐந்து கிலோமீட்டரை நாற்பது நிமிடத்துக்குள் ஓடி முடித்தால் இருவருக்கும் இடம். ஒருவர் தவறினாலும் இருவருக்கும் இல்லை.

துறையில் வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை.

"சத்துணவு படிக்கிற பொண்ணுங்க ஓடி நான் பார்த்ததே இல்ல," என்றார் ரெத்தினம். "பஸ்ஸுக்குக்கூட நீங்க ஓட மாட்டீங்க. அடுத்த பஸ்ல வருவீங்க."

"இந்தத் தடவை ஓடுவோம் மேடம்," என்றாள் அனீஸா, ஸ்ம்ருதியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அந்தப் பிடியில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து ஸ்ம்ருதியும் தலையை ஆட்டிவைத்தாள்.

மார்கழி பிறந்த அன்றைக்குப் பனி மூட்டத்தில் இருவரும் கிளம்பினார்கள். துறைக்கென்று கொடுத்திருந்த பனியன் நல்ல பளிச்சென்ற மஞ்சள். கல்லூரிக்குப் பின்னால் வாய்க்கால் கரையோடு போய், வடவாய்க்கால் கிராமத்துத் தெருவில் நுழைந்து, பிள்ளையார் கோயிலை மூன்று சுற்று சுற்றித் திரும்பினால் சரியாக ஐந்து கிலோமீட்டர் என்று அனீஸாவின் போன் சொன்னது. பாதி வழியிலேயே ஸ்ம்ருதியின் புதுக் காலணி இரண்டு குதிகாலையும் கடித்துவிட்டது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள். கரை மண் குளிர்ச்சியாக, இதமாக இருந்தது. மறுநாளிலிருந்து காலணியை அறையிலேயே விட்டுவிட்டாள்.

தெருவில் வீட்டுக்கு வீடு பெரிய பெரிய கோலம். மிதிக்கக் கூடாது. அனீஸா மான் மாதிரி தாண்டினாள். ஸ்ம்ருதி ஒவ்வொரு கோலத்துக்கும் நின்று, "மன்னிச்சுக்குங்க," என்று சொல்லி, ஓரமாக நுனிக்காலில் நடந்து, மறுபடி ஓடினாள். கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மார்கழி விடியல். மஞ்சள் உடுப்பு. வெறுங்கால். கோயிலை மூன்று சுற்று. அதற்குமேல் யார் என்ன விளக்கம் கேட்பார்கள்?

மூன்றாம் நாள், மூன்றாம் சுற்று முடியும் இடத்தில் ஓர் அம்மாள் கையில் வாழை இலைத் துண்டோடு வழிமறித்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் அம்சம். கோயிலுக்கு மார்கழி முழுவதும் பொங்கல் வைக்கிறவள்.

"நில்லுங்க பாப்பா. என்ன வேண்டுதலோ ஏதோ, நான் கேக்கல. கேட்டா பலிக்காது. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

இலையில் வெண்பொங்கல். நெய் அதன் மேல் குளம் கட்டி நின்றது. நடுவில் ஒரு முந்திரி, படகு மாதிரி.

ஸ்ம்ருதி வாயைத் திறந்தாள், "வேண்டுதல் இல்லீங்க," என்று சொல்ல. திறந்த வாயில் பொங்கல் போய்விட்டது. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அவள் வீட்டில் எந்தத் தலைமுறையிலும் கிடையாது.

அனீஸா தயங்கி ஒதுங்கி நின்றாள். அம்சம் அவளுடைய தலைத்துணியைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சின்னத் தூக்கைக் கொண்டுவந்தாள்.

"நேத்தே பார்த்தேன்மா உன்னை. இது சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னாடியே உனக்குன்னு தனியா எடுத்து வச்சது. தயங்காம சாப்பிடு."

அனீஸா தூக்கை வாங்கிச் சாப்பிட்டாள். திரும்பும் வழியில் வாய்க்கால் மதகருகே வந்ததும், "நான் கேக்கவே இல்லடி. அவங்களாவே எடுத்து வச்சிருக்காங்க," என்றாள். வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு தெருவே சேர்ந்துகொண்டது. ஒரு வீட்டில் சுண்டல், ஒரு வீட்டில் சர்க்கரைப் பொங்கல், ஒரு வீட்டில் சூடாகப் பால். வேண்டுதல்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் புண்ணியம் அல்லவா! அம்சத்தின் கணவர் துரைராசு ஒருபடி மேலே போனார். "பொண்ணுங்கள நாய் கடிச்சிட்டா ஊருக்கு ஆகாது," என்று கையில் கம்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் வேகுவேகென்று நடக்க ஆரம்பித்தார். அனீஸா முன்னால் பறக்க, ஸ்ம்ருதி நடுவில் உருள, துரைராசு பின்னால் "சூ! சூ!" என்று இல்லாத நாய்களையும் விரட்டிக்கொண்டு வருவார்.

எல்லாம் ஆனந்தமாகத்தான் இருந்தது, ஸ்ம்ருதி எடை பார்க்கும்வரை.

"ரெண்டு கிலோ ஏறியிருக்கு," என்று விடுதி அறையில் வந்து உட்கார்ந்தாள். "ஐம்பது நிமிஷத்துக்குக் குறைஞ்சு ஒரு நாளும் வரல. ஓடி ஓடிக் குண்டாகிறவ உலகத்துலேயே நான் ஒருத்திதான்டி."

"அந்தப் பொங்கல் மேல பழி போடாத. தினமும் சாயங்காலம் ரெண்டு பரோட்டா உள்ள போகுதே, அதுக்கு யாரு வேண்டிக்கிட்டா?"

"ஓடுனா பசிக்குது!"

"யா அல்லாஹ்! இவளை நம்பி நான் திருச்சிக்கு டிரஸ் எடுத்து வச்சிருக்கேன்."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்தபின் அனீஸா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதை ஸ்ம்ருதி பார்த்தாள். தன்னால் அவள் ஆசை போகப் போகிறது. அன்றைக்கே பரோட்டாவுக்கு முழுக்குப் போட்டாள். அதோடு நிற்காமல், இனி வடவாய்க்கால் பக்கமே போவதில்லை, பெரிய ரோட்டில் ஓடுவது என்றும் முடிவு செய்தாள். ஊரை ஏமாற்றிச் சாப்பிடுகிறோமே என்ற உறுத்தலுக்கும் அது வசதியாக இருந்தது.

பெரிய ரோட்டில் கோலமும் இல்லை, பொங்கலும் இல்லை. லாரிதான் இருந்தது. ஒவ்வொரு லாரியும் காதருகே ஆரன் அடித்துவிட்டுப் போனது.

சில நாள் கழித்து விடுதி வாசலில் ஆள் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். இருவரும் போய்ப் பார்த்தால் அம்சம். கையில் ஃபிளாஸ்க்.

"பனியன் முதுகுல காலேஜ் பேரு போட்டிருந்துச்சுல்ல, அதை வச்சு வந்துட்டேன். உடம்பு கிடம்பு சரியில்லையா பாப்பா? சுக்குக் கஷாயம் கொண்டாந்திருக்கேன். தினமும் உங்க பங்கை எடுத்து வச்சுட்டு வாசலைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

ஸ்ம்ருதிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வாசல் காவலர் முன்னாலேயே கையைக் கூப்பிவிட்டாள். "அக்கா, எங்களுக்கு வேண்டுதலே இல்லக்கா. ஒரு ஓட்டப் பந்தயம். மஞ்சள் எங்க டிபார்ட்மெண்ட் கலர். செருப்புக் கடிச்சுதுன்னு வெறுங்கால். உங்களை ஏமாத்திட்டோம்."

அம்சம் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து இருவரும் பதறினார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது எனக்கு அப்பவே தெரியும்டியம்மா. சாமியைச் சுத்துறவ சாமியைப் பார்ப்பாளா, கையில கட்டுன வாட்சையே பார்ப்பாளா? சுத்தி முடிச்சதும் ஒருத்தி, 'செத்தேன்டி'ங்கறா. எந்த வேண்டுதல்ல அப்படிச் சொல்லுவாங்க?"

"பின்ன ஏன்க்கா சொல்லல?"

அம்சத்தின் சிரிப்பு அடங்கியது. "எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. போன வருசம் கால்ல ஒரு புண்ணு வந்து ஆறவே மாட்டேன்னுது. நடக்கணும்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரு. இவரு எதிர் வீட்டுக்குக்கூட வண்டியிலதான் போவாரு. உங்களுக்குத் துணைக்குன்னு வந்தாரு பாருங்க, அன்னிலேருந்துதான் நடக்கறாரு. போன வாரம் ரத்தம் பார்த்தப்ப சர்க்கரை இறங்கியிருக்குன்னாங்க. இப்ப நீங்க வர்றதில்ல. அவரு கம்பை மூலையில சாத்திட்டுப் படுத்துட்டாரு." அவள் ஸ்ம்ருதியின் கையைப் பிடித்தாள். "வேண்டுதல் இல்லன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிடாதீங்க கண்ணு. நெய்யே ஊத்தாம பொங்கறேன். திரும்ப வாங்க."

ஸ்ம்ருதி அன்று முழுவதும் யோசித்தாள். வரமாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. வந்து பொய்யாக ஓடவும் மனம் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் வழி மிகச் சுலபமாகத் தெரிந்தது. ஏன் முன்பே தோன்றவில்லை என்று அவளுக்கே ஆச்சரியம். மறுநாள் விடியலில் பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணை மூடி, மனசார வேண்டிக்கொண்டாள். 'துரைராசு அண்ணன் காலு நல்லா இருக்கணும். அதுக்காக ஓடுறேன், சாமி.' தலையில் குட்டிக்கொண்டு, தோப்புக்கரணமும் போட்டாள்.

"முடிஞ்சுது. இப்ப பொய் இல்ல," என்றாள் வெளியே வந்து.

"நான் விடியறதுக்கு முன்னாடி சுபுஹு தொழுகையிலேயே அவருக்கு துஆ கேட்டுட்டுத்தான் வந்தேன்," என்றாள் அனீஸா. "நீதான் லேட்டு."

அதன்பின் எல்லாம் மாறியது. படித்த படிப்பு முதல்முறையாக ஸ்ம்ருதிக்கு உதவியது. அரிசியில் பாதியைக் குறைத்துப் பாசிப்பருப்பைக் கூட்டச் சொன்னாள். நெய் ஒரு கரண்டி போதும், மிளகு தாராளமாக இருக்கட்டும் என்றாள். அம்சம் கூடவே முருங்கைக்கீரையையும் வதக்கிவைத்தாள். வேண்டுதல்காரப் பெண்களே அதைச் சாப்பிடும்போது துரைராசு மட்டும் எப்படி வேறு கேட்பது? "என்ன வேண்டுதலோ, நாக்கையும் கட்டிப் போடுது," என்று முனகிக்கொண்டே அவரும் அதையே சாப்பிட்டார். மற்ற வீட்டுக்காரர்களுக்கும் எப்படியோ சேதி போய், சர்க்கரைப் பொங்கல் நின்று பயறும் மோரும் வந்தன. ஸ்ம்ருதிக்கு மூச்சு வாங்குவது குறைந்தது. ஒரு நாள் ஒரு கோலத்தைத் தாண்டியே விட்டாள். தெருவே கை தட்டியது.

ஆனாலும் நாற்பது நிமிடம் கைக்கு வரவில்லை. ஓரிரு நிமிடம் தவறிக்கொண்டே இருந்தது.

தேர்வு நாளும் வந்தது. ரெத்தினம் கல்லூரி வாசலில் கடிகாரத்தோடு நின்றார். வடவாய்க்கால் வரை போய்த் திரும்ப வேண்டும். அனீஸா போன வேகத்தில் திரும்பி வந்து, முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டி, அங்கேயே குதித்துக்கொண்டு கத்தினாள்: "ஸ்ம்ருதீ! வாடீ!"

ஸ்ம்ருதி அப்போது கடைசி வளைவில் வந்துகொண்டிருந்தாள். விலா பிடித்துக்கொண்டது. கால் கல்லாகக் கனத்தது. வரப்போரத்துப் புல்லைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. நின்றுவிட்டாள்.

"அம்மாடி! நிக்காத!"

பின்னால் துரைராசு. கம்பும் இல்லை, டார்ச்சும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"என்னால முடியல அண்ணே."

"எடுத்த வேண்டுதலைப் பாதியில விடறதா? கூட நடந்த எனக்கும் அதுல பங்கு இருக்கும்மா. வா, வா! நானே வர்றேன், உனக்கென்ன!"

அவருக்காக எடுத்த வேண்டுதல் என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். முன்னால் பார்த்தால், தனக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற அனீஸா. பக்கத்தில் பார்த்தால், எதிர் வீட்டுக்குக்கூட வண்டியில் போன மனிதர். ஸ்ம்ருதிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சிரித்தபடியே ஓடினாள். துரைராசு நடையை விட்டு, அவரே அறியாமல், குதித்துக் குதித்து ஓடினார். அவருடைய மப்ளர் அவிழ்ந்து வாய்க்காலில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது யாரு? எந்த டிபார்ட்மெண்ட்?" என்று ரெத்தினம் அலறினார்.

"சத்துணவுதான் மேடம்! எங்க ஆளு!" என்று அனீஸா பதில் கத்தினாள்.

ஸ்ம்ருதியும் துரைராசும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டி, ஒன்றாகத் தரையில் உட்கார்ந்தார்கள். ரெத்தினம் கடிகாரத்தைப் பார்த்தார். நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நாற்பதுக்குள்ளதான். அரை நிமிஷம் மிச்சம். சத்துணவும் ஓடும் போலிருக்கே!"

அனீஸா ஸ்ம்ருதியின் மேல் வந்து விழுந்தாள். "திருச்சிடி! திருச்சி!" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அதற்குள் அம்சம் ரோட்டைக் கடந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தாள். தரையில் கிடந்த கணவரைப் பார்த்தாள். "ஓடினீங்களா? நீங்களா ஓடினீங்க?"

"நான் எங்கடி ஓடினேன்?" என்றார் துரைராசு, மூச்சிரைக்க, மானம் போகாத குரலில். "இந்தப் பொண்ணு நின்னுடக் கூடாதேன்னு கொஞ்சம் வெரசா நடந்தேன்."

அம்சம் வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு அங்கேயே, கோட்டின் மேலேயே, அவர்களோடு உட்கார்ந்துவிட்டாள். திருச்சிக்குப் பெயர் எழுத நால்வரில் யாரை எழுப்புவது என்று தெரியாமல், ரெத்தினம் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தாமும் குனிந்தார்.