ஒப்புதல் வராத பரண்

இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் நகரத்தின் கில்டர் தெருவில், நெவில் ஆக்ராய்டு தன் வீட்டுப் பரணில் கட்டிய அறைக்கு நகராட்சியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆகவே அதில் முதல் இரவு தூங்கிய அவன் மனைவி லொரெய்னால் அதற்குப் பிறகு கீழே இறங்க முடியவில்லை. படிக்கட்டு நன்றாகத்தான் இருந்தது. மற்றவர்கள் அதில் ஏறினார்கள், இறங்கினார்கள். லொரெய்ன் இறங்கினால் மட்டும் கடைசிப் படியில் கால் வைத்ததும் மறுபடி மேல் படியில் நின்றாள். முதல் நாள் காலை முழுவதும் அவள் இறங்கிப் பார்த்தாள். மதியம் கால் வலித்ததால் நிறுத்திவிட்டு, கொஞ்சம் டோஸ்ட் கொண்டுவரச் சொல்லிக் கீழே குரல் கொடுத்தாள்.

இது தொண்ணூற்று நான்காம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நடந்தது. அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. பக்கவாட்டில் வீட்டை விரிவாக்க இடமில்லாததால் எல்லோரும் மேல்நோக்கித்தான் விரிவாக்கினார்கள். கார்ப்பெட் ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்த்த நெவில் சனி ஞாயிறுகளில் தானே பரணைத் திருத்தி அறையாக்கினான். கூலிக்கு ஆள் வைப்பதை அந்தத் தெரு ஆண்கள் கௌரவக் குறைவாக நினைத்த காலம் அது. பலகை அடித்து மூடுவதற்கு முன் நகராட்சி ஆய்வாளரைக் கூப்பிட்டு உள்வேலையைக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆய்வாளர் செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. லொரெய்னுடைய முப்பத்தோராவது பிறந்தநாளோ அதற்கு முந்தைய சனிக்கிழமை வந்தது. கூரை ஜன்னலுக்குக் கீழே படுத்து வானத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருந்தாள். அதனால் அவன் தரைப் பலகைகளை அடித்து, சுவரைப் பூசி, பெயிண்ட் காய்வதற்குள் கட்டிலையும் போட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போனான். அவள் தனியாகப் படுத்து நட்சத்திரம் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்த ஆய்வாளர் க்ராப்ட்ரீ நல்ல மனிதர். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"பாக்காத வேலைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி. நாலு பலகையைக் கழட்டிக் காட்டுங்க, போதும்."

"உள்ள எல்லாம் கெட்டியா இருக்கு சார். நானே வச்சது."

"இருக்கலாம். எனக்குத் தெரியணுமில்ல?"

லொரெய்னால் இறங்க முடியாததைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. மேலே வந்து நிற்பதில் தப்பில்லை, தூங்கினால்தான் குடியிருந்ததாகக் கணக்கு என்று விளக்கினார். ஒப்புதல் இல்லாத பரணைச் சாமான் போட்டு வைக்க மட்டுமே பயன்படுத்தலாம், ஆகவே அங்கே தங்கியது எதுவானாலும் சாமான்தான் என்றும் சொன்னார். பலகையைக் கழற்றியதும் தகவல் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். தகவல் போகவில்லை. நாலு பலகைதானே என்று லொரெய்ன் கேட்கும்போதெல்லாம், "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம் கண்ணு" என்றான் நெவில். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போய்க்கொண்டிருந்தன.

சாமான்கள் ஏறி வந்தன. அது பரண் என்பதால் வேண்டாததெல்லாம் தானாகவே அங்கே சேர்ந்தது: பெட்டிக்குள் மடக்கி வைத்த பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம், கைப்பிடி போன சூட்கேஸ்கள், ஒரே வாரம் மிதித்த உடற்பயிற்சி சைக்கிள், பெரிய நிலைக்கண்ணாடி. கூரைச் சரிவுக்கடியில் நெவில் ஒரு சின்னக் கழிப்பறை வைத்துக் கொடுத்தான். அதற்கும் ஒப்புதல் இல்லை. காலையில் எழுந்தால் லொரெய்னுடைய தோளிலும் புருவத்திலும் மெல்லிய தூசி படிந்திருந்தது. கழுவினாலும் மறுநாள் படிந்தது. தன் முகம் மாறவில்லை என்பதைச் சில வருடங்கள் கழித்துத்தான் கண்ணாடியில் கவனித்தாள். பரணில் போட்ட பொருளுக்கு வயதாவதில்லை. லேசாகப் பழைய காகித வாசனை மட்டும் வரும். அவளுக்கும் அந்த வாசனை வந்தது.

தெரு பழகிக்கொண்டது. கூரை ஜன்னலில் தெரியும் தலைக்குத் தபால்காரர் கையசைத்தார். அவளுடைய தங்கை கல்யாணத்தன்று மணமக்களின் கார் வாசலில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. தன் அம்மா இறந்தபோது லொரெய்ன் சவ ஊர்தியைக் கில்டர் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னாள். அதன் கறுப்புக் கூரை கண்ணிலிருந்து மறைந்த பிறகு, படிக்கட்டில் இறங்க ஆரம்பித்து இருட்டும்வரை இறங்கிக்கொண்டே இருந்தாள். கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த நெவிலுக்கு அவள் காலடிச் சத்தம் நெருங்கி வருவது கேட்டது, பிறகு தலைக்கு மேல் கேட்டது. அவன் எழுந்து போய் ஒரு சுத்தியலை எடுத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

தினமும் காலையில் ஷிஃப்ட் முடிந்து டீயோடு மேலே வருவான். கட்டில் ஓரத்தில் உட்காருவான். அவள் சாய்ந்துகொள்ளத் தோள் கொடுப்பான். இரவெல்லாம் விழித்த கண்கள் செருகும்போது அவள் அவன் தொடையில் கிள்ளுவாள்.

"தூங்கித் தொலைக்காத. ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டா பால் யாரு வாங்குறது?"

"ஒரு நிமிஷம் கண்ணு..."

"அரை நிமிஷம்கூடக் கிடையாது. எந்திரி, கீழ போய்ப் படு."

அவன் கீழே போவான். ஒரே வீட்டில் ஒரு கூரைக்கடியில் அவர்கள் இப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள். அவன் தலை நரைத்தது, முட்டி தேய்ந்தது, மூக்குக் கண்ணாடி வந்தது. அவள் முப்பத்தொன்றிலேயே இருந்தாள்.

பக்கத்து வீட்டு டோரீன் வெள்ளிக்கிழமைகளில் மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு ஏறி வருவாள். படியேறும்போதே மூச்சிரைக்கப் பேசுவாள். நெவில் ஓய்வு பெற்ற வாரம் வந்தவள் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தபடி சொன்னாள்: "உன் புருஷன் டீ கொண்டு வர்றதை நேத்து ஜன்னல்ல பாத்தேன்டி. உங்கப்பாதான் உன்னைப் பாக்க வந்துட்டாரோன்னு நெனச்சேன்."

"வாயை மூடுடி."

"அப்புறம், கொல்லையில தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கானே கட்டைங்க, அதை எடுக்கச் சொல்லு. கால் நூற்றாண்டா கெடக்கு. இன்னும் கொஞ்ச நாள் போனா பேரன் பேத்தி எடுத்துரும்."

லொரெய்ன் சிப்ஸை மெல்வதை நிறுத்தினாள். கூரை ஜன்னல் தெருவைப் பார்த்தது. மேலே மாட்டிக்கொண்ட பிறகு கொல்லையை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. "என்ன கட்டை?" என்று கேட்டாள்.

ஓய்வு பெற்றவனுடைய கருவிப்பை இனி வேண்டாததாகிவிட்டதால் அதுவும் அந்த வாரம் பரணுக்கு வந்திருந்தது. டோரீன் போனதும் லொரெய்ன் அதிலிருந்து சின்னக் கடப்பாரையை எடுத்து, கட்டிலை நகர்த்திவிட்டு, ஒரு பலகையை நெம்பினாள். பிறகு இன்னொன்றை. ஆள் நடக்கும் தரையைத் தாங்குவதற்குப் போட வேண்டிய புது உத்திரம் எதுவும் உள்ளே இல்லை. வீடு கட்டிய காலத்திலிருந்து கிடக்கும், மூன்று விரல் அகலமே உள்ள பழைய கட்டைகள் வரிசையாக இருந்தன. ஆள் நடப்பதற்காக யாரும் அவற்றைப் போடவில்லை. கீழ் அறையின் உட்கூரைப் பூச்சைத் தாங்க மட்டுமே அவை போதும். பலகை உடையும் சத்தம் கேட்டு நெவில் ஏறி வந்து வாசலில் நின்றான்.

"புதுக் கட்டை வாங்கினேன் கண்ணு. நீளம் ஜாஸ்தி, படியில திரும்பல. கூரை ஓடுகளைப் பிரிச்சுத்தான் இறக்கணும். அதுக்கு இன்னொரு மாசம் ஆகியிருக்கும். உன் பொறந்தநாள் வேற..."

"நாலு பலகைன்னு அந்த மனுஷன் அன்னைக்கே கேட்டாரு. காட்டியிருந்தா அடுத்த மாசமே நான் இறங்கியிருப்பேன்."

"காட்டினா தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சுடும்."

"யாருக்கு?"

அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவள் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை. "ஆபீசுக்குப் போன் பண்ணு. இப்பவே பண்ணு, ஞாயித்துக்கிழமை வேண்டாம்" என்றாள்.

க்ராப்ட்ரீ எப்போதோ ஓய்வு பெற்றிருந்தார். ஃபர்சானா மஹ்மூத் என்ற இளம் ஆய்வாளர் வந்தார். மண்டியிட்டு, டார்ச் அடித்து, கட்டைகளுக்கிடையில் கைவிட்டுப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் இது மேலயா நடந்தீங்க? விழாம இருந்ததே பெருசு."

"ஒப்புதல் இல்லைன்னு எழுதிட்டா நான் என்ன ஆவேன்மா?" என்று கேட்டாள் லொரெய்ன்.

"நிரந்தரமா பரண்தான். நீங்களும் இப்படியேதான். நான் இன்னும் எதுவும் எழுதலங்க. தரையை முழுசாப் பிரிச்சுட்டுப் புது உத்திரம் போடுங்க. மூடுறதுக்கு முன்னால என்னைக் கூப்பிடுங்க."

"தரையைப் பிரிச்சா நான் எங்க நிக்கிறது?"

ஃபர்சானா டார்ச்சை அணைத்தார். "தரை இல்லாத இடத்தை அறைன்னும் சொல்ல முடியாது, பரண்னும் சொல்ல முடியாது. அந்தரம்தான். அந்தரத்துல யாரையும் பிடிச்சு வைக்க எங்க விதியில இடமில்லை. ஆனா படி வழியா போகாதீங்க" என்றார்.

நெவில் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கீழ்ப் படுக்கையறையின் உட்கூரையை உடைத்து ஓட்டை போட்டு, அதன் வழியாக ஏணியைச் சாத்தினான். லொரெய்ன் கடைசிப் பலகையில் நின்றபடி இடது காலை ஏணியில் வைத்தாள். ஓட்டைக்குக் கீழே போன கால் உடனே மாறியது. கெண்டைக்காலில் நீல நரம்புகள் புடைத்தன, பாதத்தின் ஓரத்தில் எலும்பு துருத்தியது. அவள் காலை வெடுக்கென்று மேலே இழுத்துக்கொண்டாள். கால் பழையபடி ஆனது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

கீழே ஏணியைப் பிடித்திருந்த நெவில் சொன்னான்: "வேண்டாம் கண்ணு. அப்படியே இரு. பலகையைத் திரும்ப அடிச்சுடறேன். நான் இருக்கிற வரைக்கும் தினமும் டீ கொண்டு வருவேன்."

லொரெய்ன் சாமான்களைப் பார்த்தாள். அவை கூரைச் சரிவின் ஓரமாகக் குவிந்து கிடந்தன. பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரக்கிளை வாங்கிய நாளின் பச்சையிலேயே இருந்தது.

"நான் என்ன கிறிஸ்துமஸ் மரமா?" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஒவ்வொரு படியிலும் சில வருடங்கள் அவள்மேல் வந்து ஏறின. இடுப்பு கனத்தது, தலைமுடி காதோரம் வெளுத்தது, எட்ட இருந்த எழுத்துகள் தெளிவாகவும் கிட்ட இருந்த நெவில் முகம் மங்கலாகவும் ஆயின. கார்ப்பெட்டில் கால் பட்டபோது தோளிலிருந்த தூசி கொட்டியது. அவன் கைகளை நீட்டினான். அவள் அவனைத் தாண்டிப் போய், கொக்கியில் தொங்கிய அவன் கோட்டை மாட்டிக்கொண்டு, வாசலைத் திறந்து, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். வந்த பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போனாள், அங்கே தன் அம்மாவின் கல்லறைக்குப் போய் நின்றாள், அதே பேருந்தில் திரும்பினாள். விளக்கேற்றும் நேரத்தில் வீட்டுக்குள் வந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "டீ போட்டியா இல்லையா?" என்று கேட்டாள்.

கூரை ஓடுகளைப் பிரித்து, தெருக்காரர்கள் கைகொடுக்க, உத்திரங்கள் ஏறின. ஃபர்சானா மூடுவதற்கு முன் வந்து பார்த்தார், மூடிய பின்னும் வந்தார். அறை மனிதர் குடியிருக்கத் தகுந்தது என்ற சான்றிதழ் தபாலில் வந்தது. அன்றிலிருந்து மேலே இருந்த சாமான்களும் மற்ற வீட்டுச் சாமான்களைப்போலப் பழசாகத் தொடங்கின. கிறிஸ்துமஸ் மரம் அந்த டிசம்பரிலேயே இலை உதிர்த்தது.

இனி மேலே சேர்ந்து படுக்கலாமா என்று நெவில் கேட்டான். "நீ முதல்ல தூங்கு. காலையில இறங்கி வந்து காட்டு" என்றாள் லொரெய்ன். அவன் தலையணையோடு ஏறினான். காலையில் அவன் காலடி ஒவ்வொரு படியாகக் கீழே வந்து சேர்வதைச் சமையலறையில் நின்று கேட்டாள். வந்தவனுக்கு டீ கொடுத்தாள். மறுநாளும் அவனையே தூங்கச் சொன்னாள்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. அவன் மேலே தூங்குகிறான், அவள் கீழே. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கீழே வந்து படுத்துக்கொள்ள அவனுக்கு அனுமதி உண்டு.